அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால் நாம் நிற்கும் இடம் அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? ஊபருக்குத் தெரிவது இவர்களுக்கு ஏன் தெரிவதில்லை?

வெண்பா_டெக்சஸ்:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் நடந்தது இது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் எங்களோடு மாலை நடைக்கு வந்தார். ஏரியைச் சுற்றிப் போகும் நடைபாதையில் பாதி தூரம் போனதும் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவர், அப்படியே சரிந்துவிட்டார். நான் 911 அடித்தேன். எடுத்த பெண் கேட்ட முதல் கேள்வியே "முகவரி என்ன?" நடைபாதைக்கு நான் எந்த முகவரியைச் சொல்வது? "உங்களுக்குத் தெரியவில்லையா?" என்றேன். "தோராயமாகத்தான் தெரிகிறது, நீங்கள் சொல்லுங்கள்" என்றார். பூங்காவின் பெயரைச் சொன்னதும், அது எங்கள் எல்லை இல்லை என்று பக்கத்து நகரத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே மறுபடியும் முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது.

மாமனாருக்குச் சர்க்கரை இறங்கியிருந்ததாம். இப்போது நலமாக இருக்கிறார், நேற்று தோசைக்கு இரண்டாவது முறை சட்னி கேட்டார். ஆனால் எனக்கு ஆறவில்லை. ஊபர் கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கு நேராக வந்து நிற்கிறது. 911க்கு ஏன் தெரியவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணேஷ்_நியூஜெர்சி:

இதே கேள்வி எனக்கும் வெகு நாளாக உண்டு. போனில் ஜிபிஎஸ் இருக்கிறது, இன்டர்நெட் இருக்கிறது. இரண்டு எண்களை அனுப்ப வேண்டும், அட்சரேகை, தீர்க்கரேகை, அவ்வளவுதான். கல்லூரிப் பையன் ஒரு வார இறுதியில் எழுதிவிடுவான். அரசாங்க வேலை, வேறென்ன.

டவர்தாத்தா:

வெண்பா, மாமனார் சட்னி கேட்டார் என்று படித்ததும் நிம்மதி. வேலைக் காலம் முழுக்க செல்போன் நெட்வொர்க்கில் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் அழைப்பு எந்த மையத்துக்குப் போய்ச் சேர்கிறது. இன்னொன்று, சேர்ந்த இடத்தில் உங்கள் இருப்பிடம் என்னவென்று திரையில் வருகிறது. உங்களைத் தொல்லைப்படுத்தியது முதலாவது. அமெரிக்காவில் 911 என்று ஒரே அலுவலகம் கிடையாது. கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று நாடு முழுக்க ஏறத்தாழ 6,000 மையங்கள். நீங்கள் அடித்த அந்த நொடியில் உங்கள் இருப்பிடம் நெட்வொர்க்குக்குத் தெரியாது. உங்கள் போன் எந்த டவரின் எந்தப் பக்கத்து ஆன்டெனாவோடு பேசுகிறது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு டவரில் பெரும்பாலும் மூன்று பக்கம் ஆன்டெனா இருக்கும், ஒவ்வொன்றையும் செக்டார் என்போம். இந்த செக்டாரில் வரும் 911 அழைப்பெல்லாம் இந்த மையத்துக்கு என்று முன்கூட்டியே ஒரு பட்டியலில் எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து அழைப்பைத் தள்ளிவிடுவார்கள்.

ஏரிக்கரை என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் விஷயம். தண்ணீருக்கு மேலே தடுக்க மரமும் இல்லை, கட்டடமும் இல்லை. எதிர்க்கரை டவரின் சிக்னல் உங்கள் கரையில் இருக்கும் டவரைவிட நன்றாக எட்டும். எதிர்க்கரை பக்கத்து நகரமாக இருந்தால் அழைப்பும் அங்கேதான் போகும். ஏரி, ஆறு, மாநில எல்லை, கவுண்டி எல்லை இருக்கும் ஊர்களில் இது தினப்படி சமாச்சாரம். இதைச் சரிசெய்ய, போனின் இருப்பிடத்தைப் பார்த்தே அழைப்பை அனுப்ப வேண்டும் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2024 ஜனவரியில்தான் விதி போட்டது. பெரிய நிறுவனங்கள் செய்யத் தொடங்கிவிட்டன. இருப்பிடம் நேரத்துக்குக் கிடைக்காவிட்டால் பழையபடி டவர் கணக்குதான்.

இரண்டாவது சங்கதி, அதாவது இருப்பிடம். முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16ஆம் தேதி அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் நடந்தது. அப்போது எல்லாம் கம்பி போன். பின்னால் போன் கம்பெனியிடம் எண்ணுக்கு ஒரு முகவரி இருந்ததால், அழைப்பு வந்ததும் அந்த எண்ணைக் கொண்டு முகவரியைத் தேடித் திரையில் காட்டும் ஏற்பாடு வந்தது. பிரமாதமாக ஓடியது. கம்பி எங்கே முடிகிறதோ அங்கேதான் ஆள் இருப்பார். செல்போன் வந்ததும் அந்த ஏற்பாடு அப்படியே படுத்துவிட்டது.

கணேஷ், இரண்டு எண்ணை அனுப்ப வேண்டியதுதானே என்கிறீர்கள். அனுப்பும் பாதையைப் பாருங்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து 911 மையத்துக்குப் போன பழைய கம்பிகளில் குரலோடு சேர்ந்து ஒரு போன் நம்பர் போகும், அதற்கு மேல் எதுவும் ஏறாது. அதனால் செல்போன் அழைப்புக்கு ஒரு தற்காலிக எண்ணை ஒட்டி அனுப்பினார்கள். மையத்தின் கணினி அந்த எண்ணை எடுத்துப் போய், "இது யார், எங்கே இருக்கிறார்?" என்று தனி வழியாகச் செல்போன் கம்பெனியின் கணினியைக் கேட்கும். அது போனைக் கேட்கும். பதில் வந்த வழியே திரும்பும். இதுதான் 1996இல் எஃப்சிசி கொண்டுவந்த விதியின் அடிப்படை. முதல் கட்டத்தில் திருப்பி அழைக்கும் எண்ணும் டவரின் இடமும், இரண்டாம் கட்டத்தில் அட்சரேகை தீர்க்கரேகை. இன்றைக்கும் பல கவுண்டிகளில் இந்தச் சங்கிலிதான் உயிரோடு இருக்கிறது.

கணேஷ்_நியூஜெர்சி:

சரி, வரலாறு புரிகிறது சார். ஆனால் 1996இல் போட்ட விதியை வைத்துக்கொண்டு இன்னுமா? ஊபர் தொடங்கிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே.

இரவுப்பணி:

வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு கவுண்டி மையத்தில் 911 அழைப்பு எடுக்கும் வேலையில் இருக்கிறேன். எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள்.

எங்கள் திரையில் என்ன தெரிகிறது என்று சொல்கிறேன். அழைப்பை எடுத்த கணத்தில் வருவது பெரும்பாலும் டவரின் முகவரி. ஓரத்தில் டபிள்யூபிஹெச்1 என்று ஒரு குறியீடு இருக்கும். அதைப் பார்த்தாலே இது ஆள் இருக்கும் இடம் இல்லை, டவர் இருக்கும் இடம் என்று எங்களுக்குத் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான், அந்த முகவரிக்கு வண்டியை அனுப்பிவிடாதே என்று. பிறகு "மறுபடி கேள்" என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்துவோம். டவர்தாத்தா சார் சொன்ன சங்கிலி மறுபடி ஒரு சுற்று ஓடும். அரை நிமிடத்துக்குள் குறியீடு டபிள்யூபிஹெச்2 என்று மாறினால் மேப்பில் ஒரு வட்டம் விழும். கவனியுங்கள், புள்ளி இல்லை, வட்டம். பக்கத்தில் அதன் ஆரம் எத்தனை மீட்டர் என்றும், ஆள் அந்த வட்டத்துக்குள் இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்றும் இருக்கும். 90 சதவீதம் என்று போட்டிருந்தால் பத்தில் ஒருவர் வட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்று அர்த்தம்.

வெட்டவெளியில் நின்றால் வட்டம் சின்னதாக வரும். அபார்ட்மென்ட் வளாகத்துக்குள் இருந்தால் ஒரே வட்டத்தில் மூன்று பிளாக் அடங்கிவிடும். எதில், எந்த மாடியில், எந்தக் கதவு? போலீஸ்காரர் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போக முடியாது.

அதனால்தான் முகவரியை முதலில் கேட்கிறோம். லைன் எந்த நேரமும் அறுந்துவிடலாம். என்ன நடந்தது என்று தெரியாவிட்டாலும் எங்கே என்று தெரிந்தால் யாரையாவது அனுப்பலாம். எங்கே என்று தெரியாமல் என்ன நடந்தது என்று மட்டும் தெரிந்தால் அதை வைத்துக்கொண்டு நான் செய்ய ஒன்றுமில்லை. சொன்ன முகவரியையே திரும்பச் சொல்லச் சொல்வதும் எரிச்சலாக இருக்கும், தெரியும். ஒரே கவுண்டியில் ஓக் ஸ்ட்ரீட், ஓக் லேன், ஓக் கோர்ட் என்று இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

வெண்பா_டெக்சஸ்:

அக்கா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. அன்றைக்கு அந்தப் பெண் மேல்தான் கோபம் வந்தது. அப்படியென்றால் நடைபாதையில் நிற்கும்போது என்ன சொல்வது?

இரவுப்பணி:

பூங்கா பெயர், எந்த வாசல் வழியாக உள்ளே வந்தீர்கள், வண்டியை எங்கே நிறுத்தினீர்கள். ஆம்புலன்ஸ் வரப்போவது அந்த வழியாகத்தான். பல நடைபாதைகளில் கம்பத்தில் எண் எழுதிய பலகை வைத்திருக்கிறார்கள், அது எங்கள் மேப்பிலும் இருக்கும். நெடுஞ்சாலையில் என்றால் எந்தத் திசையில் போகிறீர்கள், கடைசியாகத் தாண்டிய எக்ஸிட் எண், ஓரத்தில் பச்சைப் பலகையில் இருக்கும் மைல் எண். திசை மிக முக்கியம். நடுவே தடுப்புச் சுவர் இருக்கும் சாலையில் தப்பான பக்கத்துக்கு வண்டி போனால் அடுத்த எக்ஸிட் வரை போய்த்தான் திரும்ப வேண்டும்.

வீட்டுக்குள் இருந்து முகவரி தெரியாதவர்களும் அழைக்கிறார்கள். விருந்தாளிகள், குழந்தைகள், பேபிசிட்டர்கள். மேசையில் கிடக்கும் பார்சல் அட்டையைப் படிக்கச் சொல்வோம், கரண்ட் பில், மருந்து டப்பா எதுவாக இருந்தாலும் சரி. ஒருமுறை ஒரு சிறுவன் பீட்சா பெட்டியில் ஒட்டியிருந்த ரசீதைப் படித்தான், அதில் அபார்ட்மென்ட் எண் முதற்கொண்டு இருந்தது.

பர்மிங்காம்_பாலா:

இங்கே இங்கிலாந்தில் கதை கொஞ்சம் வேறு. அவசர எண்ணான 999 அடித்தால் முதலில் பிடி (பிரிட்டிஷ் டெலிகாம்) ஆபரேட்டர் எடுப்பார், போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா என்று கேட்டு மாற்றிவிடுவார். 2014 முதல் ஏஎம்எல் என்று ஒன்று இருக்கிறது. அவசர எண்ணை அடித்ததை போனே கண்டுகொண்டு, ஜிபிஎஸ், வைஃபை இரண்டையும் தானாகப் போட்டு, கிடைத்த இருப்பிடத்தை ஒரு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிவிடும். அழைத்தவர் எதுவும் செய்ய வேண்டாம், அந்த எஸ்எம்எஸ் அவர் கண்ணிலேயே படாது. பிடி, செல்போன் கம்பெனி இஇ, போன் தயாரிக்கும் எச்டிசி மூன்றும் சேர்ந்து தொடங்கியது. 2016இல் கூகுள் இதை ஆண்ட்ராய்டிலேயே வைத்துவிட்டது, ஆப்பிள் 2018இல் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச் முதல் விற்கும் ஸ்மார்ட்போன் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

கணேஷ் ப்ரோ கேட்ட இரண்டு எண், சாதாரண எஸ்எம்எஸ்ஸில் போகிறது. ஆக முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

மலையேறுபவர்களிடம் மூன்று சொல்லால் இடத்தைக் குறிக்கும் வாட்3வேர்ட்ஸ் ஆப் பிரபலம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு சொல்லை ஒருமையில் சொல்லாமல் பன்மையில் சொன்னால் வேறு இடம் வந்துவிடும். காற்று அடிக்கும் மலை உச்சியில் நின்று அந்த வித்தியாசத்தை யார் கேட்பது?

கணேஷ்_நியூஜெர்சி:

பாலா சொன்னதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை?

டவர்தாத்தா:

இங்கேயும் 2018இல் வந்துவிட்டது, வழிதான் வேறு. ஐஓஎஸ் 12 முதல் ஐபோன் 911 அடித்ததும் தன் இருப்பிடத்தை டேட்டா வழியாக ரேபிட்எஸ்ஓஎஸ் என்ற நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. ஆண்ட்ராய்டும் அதே வருடம் அமெரிக்காவில் தொடங்கியது. 911 மையம் தன் திரையில் அதைத் திறந்து வைத்திருந்தால் அழைப்போடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். ஊபர் ஊபர் என்கிறீர்களே, அந்த ஊபரே 2018இல் தன் ஆப்பில் 911 பட்டன் வைத்தபோது இருப்பிடத்தை அனுப்பப் பிடித்தது இதே ரேபிட்எஸ்ஓஎஸ்ஸைத்தான்.

ஊபரின் துல்லியத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் வாசலில் நின்று, ஆப்பைத் திறந்து, நீலப் புள்ளி நிலைக்கு வரும்வரை காத்திருந்து, தப்பாக இருந்தால் விரலால் நகர்த்தி வைக்கிறீர்கள். அப்படியும் டிரைவர் போன் செய்து "எந்த கேட் சார்?" என்கிறார். 911க்கு அந்த அவகாசம் கிடையாது. அழைப்பவர் படுக்கையறைக்குள், பேஸ்மென்ட்டுக்குள், கவிழ்ந்த காருக்குள் இருப்பார். செயற்கைக்கோள் சிக்னல் கூரையைத் தாண்டியாலே பெரிய விஷயம். ரிசீவரைத் தனியாக விட்டால் செயற்கைக்கோள் எங்கே ஓடுகிறது என்ற விவரத்தை வானத்திலிருந்து இறக்கிக்கொள்ளவே அரை நிமிடம் வேண்டும். அதை நெட்வொர்க்கே முன்கூட்டி எடுத்துக் கொடுப்பதால்தான் சில நொடிகளில் கிடைக்கிறது. கூரைக்குக் கீழே வைஃபை ரவுட்டர்கள்தான் கை கொடுக்கின்றன. எந்த ரவுட்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கூகுளும் ஆப்பிளும் பட்டியல் வைத்திருக்கின்றன. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் சேர்ந்து உங்கள் இடத்தைச் சொல்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய எஃப்சிசி விதிப்படி 80 சதவீத செல்போன் அழைப்புகளில் 50 மீட்டருக்குள் இடம் வர வேண்டும். 50 மீட்டர் என்பது இரண்டு மூன்று வீட்டு மனை.

கணேஷ்_நியூஜெர்சி:

மீதி 20 சதவீதம்?

டவர்தாத்தா:

அதற்கு விதியில் எந்த உத்தரவாதமும் இல்லை. இதில் நீங்கள் கோபப்படுவது நியாயம்தான். அந்த 80 சதவீதக் கணக்கும் எல்லா ஊரிலும் அளந்து எடுத்ததில்லை, அட்லாண்டா, சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ மாதிரி ஆறு நகரங்களில் வந்த நேரடி அழைப்புகளை வைத்துக் காட்டுவது. மேற்கு டெக்சஸ் பண்ணைக்காரருக்கு அதில் என்ன ஆறுதல்?

கீதா_ஜெர்சிசிட்டி:

நாங்கள் இருப்பது உயரமான கட்டடத்தில். அக்கா, மாடி தெரியுமா?

இரவுப்பணி:

சிரிப்பு வருகிறது, ஆனால் நல்ல கேள்வி. உயரம் என்று ஒரு எண் வருகிறது, மாடி வருவதில்லை. அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. டவர்தாத்தா சார்தான் விளக்க வேண்டும்.

டவர்தாத்தா:

2019இல் எஃப்சிசி உயரத்துக்கும் விதி போட்டது, மூன்று மீட்டர் கூடக் குறைய 80 சதவீத அழைப்புகளில். மூன்று மீட்டர் என்றால் ஒரு மாடி உயரம். போனுக்குள் இருக்கும் காற்றழுத்தமானியை வைத்து அதை எட்டிவிடலாம். வேடிக்கை என்னவென்றால் எதிலிருந்து அளப்பது என்பதுதான். தரையிலிருந்தும் இல்லை, கடல் மட்டத்திலிருந்தும் இல்லை. ஜிபிஎஸ் பூமியை ஒரு வழவழப்பான நீள்வட்ட உருண்டையாக வைத்துக்கொள்கிறது, அந்தக் கணித உருண்டையின் மேல்பரப்பிலிருந்து அளக்கிறார்கள். கீதா இருக்கும் நியூஜெர்சிக் கரையில் உண்மையான கடல் மட்டம் அந்தக் கற்பனைப் பரப்புக்கு 30 மீட்டருக்கும் மேல் கீழே கிடக்கிறது. அதனால் தண்ணீர் ஓரமாகத் தரைத்தளத்தில் நிற்பவருக்கு மைனஸ் 30 சொச்சம் என்று வரும், பத்தாவது மாடியில் இருப்பவருக்கு ஏறக்குறைய பூஜ்ஜியம். இதை நள்ளிரவில் ஒரு கால் டேக்கர் மனக்கணக்குப் போட்டு மாடியாக மாற்ற வேண்டுமாம்! கட்டடத்தின் தரைமட்டம் எவ்வளவு, ஒரு மாடிக்கு எத்தனை அடி, 13ஆம் மாடி என்று எண் போட்டிருக்கிறார்களா இல்லையா என்றெல்லாம் தெரிந்தால்தான் அது ஆகும்.

கீதா_ஜெர்சிசிட்டி:

எங்கள் லிஃப்டில் 13 கிடையாது. 12க்கு அப்புறம் 14.

திருச்சி_செல்வம்:

நான் ஊரிலிருந்து எழுதுகிறேன், உள்ளே வரலாமா? இங்கே 108 வந்தது 2008 செப்டம்பரில். அடித்தால் என்ன மாவட்டம், என்ன தாலுகா, எந்த ஊர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று வரிசையாகக் கேட்பார்கள். மாரியம்மன் கோயில் என்று சொன்னால் எந்த மாரியம்மன் என்று ஒரு கேள்வி வரும், ஊருக்கு நாலு இருக்கிறதே. கிராமத்தில் ஒரு பையனை பைக்கில் மெயின்ரோட்டுக்கு அனுப்பி வண்டியை அழைத்து வரச் சொல்லிவிடுவோம். இன்றைக்கும் அதுதான் நடைமுறை.

நம் நாட்டில் 112 ஒரே எண்ணாக வந்தது. 2016இல் போட்ட விதிப்படி எல்லா போனிலும் அவசரப் பட்டன் வசதி இருக்க வேண்டும். பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும், ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை தட்ட வேண்டும். 2018 முதல் போனில் ஜிபிஎஸ்ஸும் கட்டாயம். பாலா சொன்ன அந்த ஆண்ட்ராய்டு வசதி இந்தியாவில் 2025 கடைசியில் முதலில் உத்தரப் பிரதேசத்தில் வந்திருக்கிறது.

தேசிய நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஒன்று. ஓரத்தில் நட்டிருக்கும் கிலோமீட்டர் கல்லைப் படித்துச் சொல்லுங்கள், அதைவிடத் துல்லியமான முகவரி நெடுஞ்சாலையில் கிடையாது. நெடுஞ்சாலை உதவிக்கு 1033 தனி எண் இருக்கிறது.

கீதா_ஜெர்சிசிட்டி:

செல்வம் அண்ணா சொன்னதும் நினைவுக்கு வந்தது. அம்மா அப்பா வரும்போது ஊர் சிம்மோடு ரோமிங்கில் இருப்பார்கள். சிம் இல்லாத பழைய போன் ஒன்றும் வீட்டில் இருக்கிறது, பாப்பா விளையாடுவாள். இதிலெல்லாம் 911 போகுமா? எங்களுக்கு வீட்டுக்குள் சிக்னல் இல்லை, வைஃபை காலிங்தான், அதில் இடம் வருமா?

இரவுப்பணி:

மூன்றும் போகும், மூன்றிலும் சிக்கல் உண்டு.

ரோமிங் போனில் அழைப்பு வரும், ஆனால் லைன் அறுந்தால் நாங்கள் இந்திய எண்ணுக்குத் திருப்பி அழைக்க வேண்டும். எல்லா மையத்திலும் வெளிநாட்டு அழைப்பு போகாது. அதனால் லைனை விடாமல் இருக்கச் சொல்லுங்கள். அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் தடுமாறினால் "டமில்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை லைனில் சேர்ப்போம். அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள், அதைப் படித்துவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வருவதற்குள்ளேயே வண்டி கிளம்பிவிடும்.

சிம் இல்லாத போன் எங்கள் திரையில் 911இல் தொடங்கும் ஒரு போலி எண்ணாக வரும். பின்னால் இருக்கும் ஏழு இலக்கம் போனின் சீரியல் எண்ணிலிருந்து எடுத்தது. அதற்குத் திருப்பி அழைக்கவே முடியாது. குழந்தைகள் விளையாடும் பழைய போனிலிருந்து எங்களுக்கு வரும் அழைப்பு கொஞ்சநஞ்சமில்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், கழற்ற முடியாத மாடல் என்றால் சார்ஜ் போடாமல்.

அப்புறம் நம்மவர்களுக்கு மட்டும் ஒன்று. ஊருக்கு அடிக்க 011 போட்டு 91 போட வேண்டும். 011ஐ மறந்து 91ல் தொடங்கி அடுத்த எண் 1 விழுந்தால் எங்களிடம் வந்துவிடுவீர்கள். பதறிப் போய் வைத்துவிடாதீர்கள். வைத்தால் நாங்கள் திருப்பி அழைப்போம், எடுக்காவிட்டால் வட்டத்தைப் பார்த்து போலீஸை அனுப்ப வேண்டியிருக்கும். "தவறுதலாக அடித்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு வையுங்கள், யாரும் திட்ட மாட்டோம்.

வைஃபை காலிங் பற்றி டவர்தாத்தா சார் சொல்லட்டும், எனக்கு ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

டவர்தாத்தா:

வைஃபை காலிங் போட்டிருந்தாலும் 911க்கு போன் முதலில் செல் நெட்வொர்க்கைத்தான் தேடும். உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டால் வேறு கம்பெனி டவர் வழியாகவும் போகும். எதுவுமே இல்லையென்றால்தான் வைஃபை. அப்போது மையத்துக்குப் போவது, வைஃபை காலிங்கை முதல்முறை போட்டபோது நீங்கள் நிரப்பிய முகவரியாக இருக்கலாம். வீடு மாறியும் மாற்றாத ரேஷன் கார்டு மாதிரி அது பழைய வீட்டையே காட்டிக்கொண்டிருக்கும். போனின் செட்டிங்கில் போய் இன்றைக்கே பாருங்கள்.

இதைவிட மோசம் அலுவலகம், ஓட்டல் போன்கள். 2013இல் டெக்சஸின் மார்ஷல் நகரில் ஓர் ஓட்டல் அறையில் ஒரு பெண் கொல்லப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அறைப் போனிலிருந்து திரும்பத் திரும்ப 911 அடித்தாள். வெளி லைனுக்கு முன்னால் ஒரு 9 போட வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாயின் பெயரில் வந்ததுதான் கேரி சட்டம். 2018இல் கையெழுத்தானது, 2020 பிப்ரவரி 16 முதல் நடைமுறை. அதன் பிறகு நிறுவும் ஓட்டல், அலுவலகப் போன்களில் முன்னால் எதுவும் போடாமல் நேராக 911 போக வேண்டும், அந்தக் கட்டடத்தின் முன்மேசைக்கும் தகவல் போக வேண்டும். கூடவே வந்த இன்னொரு சட்டம், கட்டட முகவரியோடு மாடி, அறை எண்ணும் அனுப்ப வேண்டும் என்கிறது. பழைய ஏற்பாட்டை அப்படியே வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு.

சந்தேகம்_சங்கர்:

எல்லாம் சரி, இப்படி நம் இடத்தை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றால் அது கண்காணிப்பு இல்லையா?

டவர்தாத்தா:

நீங்கள் 911 அடித்த அந்த அழைப்புக்குத்தான் அந்த வழி திறக்கிறது. சும்மா இருக்கும் போனை 911 மையம் நினைத்தபோது பார்க்க முடியாது. ஆள் காணவில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் போலீஸ் செல்போன் கம்பெனிக்கு அவசரக் கோரிக்கை எழுதி அனுப்பும். மத்தியச் சட்டம் கம்பெனி கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 2007இல் கான்சஸில் கடத்தப்பட்ட ஒரு பதின்வயதுப் பெண்ணின் விஷயத்தில் அந்தத் தகவல் வர நாட்கள் ஆகிவிட்டன. வந்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் உடலைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு பல மாநிலங்கள் அந்தப் பெண்ணின் பெயரிலேயே, கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தன. உங்கள் சந்தேகம் தப்பில்லை சங்கர், ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் நம் போனில் இருக்கும் விளம்பர ஆப்கள்.

கணேஷ்_நியூஜெர்சி:

எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. 80 சதவீதத்தை ஏற்றுக்கொள்ள மாட்டேன். இருக்கட்டும், ஒரு நடைமுறைக் கேள்வி. ஆபீஸில் எங்களுக்கு லேப்டாப்பில்தான் போன். அதில் என்ன முகவரி இருக்கிறது என்று 911 அடித்துப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

டவர்தாத்தா:

911 அடித்துச் சோதிக்கவே கூடாது. இன்டர்நெட் போன் சேவைகள் பலவற்றில் 933 என்று ஒரு சோதனை எண் உண்டு. அடித்தால் உங்கள் எண்ணையும் பதிவாகியிருக்கும் முகவரியையும் இயந்திரக் குரல் படித்துக் காட்டும். செல்போனிலிருந்து அடிக்காதீர்கள், லேப்டாப் போனிலிருந்து அடியுங்கள்.

கணேஷ்_நியூஜெர்சி:

அடித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் காலி செய்த கட்டடத்தின் முகவரியைப் படிக்கிறது. நான் இப்போது உட்கார்ந்திருப்பது வீட்டில், இருபது மைல் தள்ளி.

டவர்தாத்தா:

சாஃப்ட்வேரிலேயே "அவசர முகவரி" என்று ஓர் இடம் இருக்கும், வீட்டில் இருக்கும் நாளில் அதில் வீட்டு முகவரியைப் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஐடி ஆட்களிடம் கேளுங்கள்.

கணேஷ்_நியூஜெர்சி:

ஐடி ஆளே நான்தான் சார். டீமில் எல்லோரையும் 933 அடித்துப் பார்க்கச் சொல்லி மெயில் போட்டுவிட்டேன். இதுவரை பதில் சொன்ன எல்லோருக்கும் அதே பழைய கட்டடம்தான்.

வெண்பா_டெக்சஸ்:

எங்கள் ஏரிப் பூங்காவில் எண் பலகை இல்லை, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நகராட்சிக்கு எழுதலாம் என்றிருக்கிறேன். இரவுப்பணி அக்கா, பலகை வைக்கச் சொல்லி யாருக்கு எழுதுவது, பூங்காத் துறைக்கா, உங்களைப் போன்ற மையத்துக்கா?

இரவுப்பணி:

இரண்டு பேருக்கும் எழுதுங்கள். பூங்காத் துறை பலகை நட்டாலும் மேப் பிரிவுக்கு அந்த எண்களைக் கொடுக்காவிட்டால் எங்கள் திரையில் வராது. எதிர்க்கரை நகரத்தின் மையத்துக்கும் ஒரு பிரதி போடுங்கள், அழைப்பு அவர்களுக்குத்தானே போகிறது.